நாலாவதுல ஆள் இருக்காங்க

என் அக்காவுக்கு இந்த வட்டாரத்தில் ஹவுஸ்ஃபுல் என்று பெயர். பால்காரர் வைத்தது, ஒட்டிக்கொண்டது. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிற நாலு வீடும் பூட்டிக் கிடக்கும். நானும் அவளும் முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். போன் அடிக்கும். எடுத்த எடுப்பில், "ஐயோ, இப்பக் கேக்கறீங்களே! மூணு வீட்டுல ஆள் இருக்காங்க. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதையும் ஒருத்தர் கேட்டு வச்சிருக்காரு" என்பாள். பொய் சொல்லும்போது அக்காவின் குரல் தேனாக இருக்கும். உண்மை சொல்லும்போதுதான் எரிந்து விழுவாள்.

அவளைக் குறை சொல்லவில்லை. விடுமுறைக்கு வருகிறவர்கள் ஒரு தனிப்பிறவி. ஆள் அரவமில்லாத இடம் வேண்டும் என்று கேட்டுத்தான் வருவார்கள். வந்து பார்த்து உண்மையிலேயே ஆள் அரவம் இல்லையென்றால் காரைவிட்டு இறங்கவே யோசிப்பார்கள். எங்கள் இடமும் அப்படி. கேட்டை ஒட்டி அக்காவின் வீடு. அங்கிருந்து சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு வீடுகள். நாலாவதுக்கு அப்புறம் ஏரி, ஏரிக்கு அப்புறம் காடு. சாயங்காலமானால் தண்ணீரிலிருந்து மூடுபனி ஏறி வந்து முதலில் நாலாவது வீட்டைத்தான் விழுங்கும். அதைப் பார்த்துவிட்டு சாவியைத் திருப்பிக் கொடுத்துப் போன குடும்பமும் உண்டு.

அதனால் அக்காவும் மாமாவும் தொழில் தொடங்கிய காலத்திலேயே ஒரு வேலையைக் கண்டுபிடித்தார்கள். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். அந்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆள் வைப்பது'. காலியான வீட்டின் கொடியில் ஒரு துண்டைப் போடுவது, உள்ளே ஒரு விளக்கை எரியவிடுவது, படியில் ஒரு ஜோடி செருப்பை வைப்பது. அவ்வளவுதான், வீட்டுக்கு ஆள் வந்துவிடும். முதல் வீட்டுக்கு வருகிறவர்கள் சரிவில் எட்டிப் பார்த்து, "அங்கயும் இருக்காங்க போல" என்று நிம்மதியாகப் பெட்டியை இறக்குவார்கள்.

விரிப்பு துவைப்பது, துண்டு மடிப்பது, குளியலறைச் சல்லடையில் முடி எடுப்பது எல்லாம் என் தலையில்; என் வீட்டிலிருந்து, வீட்டுக்காரருக்குச் சமைத்துவைத்துவிட்டு, தினமும் வந்து செய்வேன். ஆள் வைப்பது மட்டும் அக்காவின் கை. செருப்பை ஒழுங்காக வைத்தால் கடை மாதிரி தெரியுமாம். ஒன்று முன்னே ஒன்று பின்னே, கதவைப் பார்த்தபடி, இப்போதுதான் யாரோ உதறிவிட்டு உள்ளே போன மாதிரி இருக்க வேண்டும் என்பாள்.

மாமாவின் வழக்கம் நேர்மாறு. எந்தப் படியேறினாலும் செருப்பைக் கழட்டி, குனிந்து திருப்பி, வெளியே பார்க்க ஜோடியாக வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். "யாராவது கூப்பிட்டா அப்படியே காலை நுழைச்சிட்டு ஓடலாம்ல" என்பார். குழாய் ஒழுகுகிறது, பாம்பு வந்துவிட்டது, சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்துவிட்டது என்று எந்நேரமும் யாராவது கூப்பிடுகிற தொழில். இன்னொரு வழக்கமும் உண்டு. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு வயிறு எரியும். அக்கா ஆள் வைக்கப் போட்ட விளக்கைக்கூட ஞாபகமறதியாகப் போய் அணைத்துவிட்டு வந்து திட்டு வாங்குவார்.

அவர் போனதும் ஒரு கூப்பாட்டில்தான். சீசன் உச்சம், நாலு வீட்டிலும் நிஜமான ஆள்கள். மதியம் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஏரிக்குள் கிடக்கும் குழாயின் வாயைப் பாசி அடைத்துக்கொண்டால் மோட்டார் சும்மா இரையும். மாமா இறங்கிக் கையால் அள்ளிக் கரையில் எறிவார். எத்தனையோ முறை செய்த வேலை. "வர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கினார். கரையில் செருப்பு மட்டும் இருந்தது, ஜோடியாக, வீட்டைப் பார்த்துத் திரும்பி. அவரை எடுக்க மறுநாள் ஆகிவிட்டது. அக்கா தலையிலும் மாரிலும் அடித்துக்கொண்டு அழுதாள். நடுவில் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது வீட்டுக்குக் குழந்தையோடு வந்தவர்களுக்கு இரண்டு குடம் தண்ணீர் அனுப்பச் சொன்னாள். பிறகு வந்து மறுபடி அழுதாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாய் வந்து, ஆள் வைக்க வைத்திருந்த பழைய செருப்பைக் குதறிப் போட்டது. அன்றைக்குப் பார்த்து ஒரு கார் கேட்டில் வந்து நின்றுவிட்டது. அக்கா கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் போய்ப் பார்த்தால் நாலாவது வீட்டுப் படியில் மாமாவின் செருப்பு.

"உனக்கென்ன பைத்தியமாக்கா? அவரோட செருப்பைப் போய் வாசல்ல வைக்கிற?"

"அவசரத்துக்கு வேற என்னடி இருக்கு? சும்மாதானே கிடக்கு."

கார்க்காரர் வந்து, "கடைசி வீட்டுல யாரும்மா?" என்று கேட்டார்.

"ஒருத்தர் தனியா வந்திருக்காரு. ஏரியில வேலையா வந்தவரு" என்றாள் அக்கா.

எங்கிருந்துதான் அவள் வாயில் அது வந்ததோ. அக்காவுக்குக் கருநாக்கு என்று சின்ன வயதிலிருந்தே வீட்டில் சொல்வார்கள். நான் பரீட்சையில் ஃபெயிலாவேன் என்றாள், ஆனேன்.

மறுநாள் காலையில் செருப்பு திரும்பியிருந்தது. ஜோடியாக, வெளியே பார்த்து. நான் அக்கா வைத்தாள் என்று நினைத்தேன். அவள் நான் வைத்தேன் என்று நினைத்தாள். "உனக்கு விளையாட இதுதான் கிடைச்சுதா?" என்று இருவருமே ஒரே நேரத்தில் ஆரம்பித்து, ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாத அந்த வாரத்திலும் அக்கா வைக்க வைக்கச் செருப்பு தினம் திரும்பிக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம் விளக்கு. போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவோம். கேட்டருகே வந்து திரும்பிப் பார்த்தால் சரிவுக்குக் கீழே ஜன்னல் கறுத்திருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். அவர் பல்பைக் கழற்றி, வயரை இழுத்துப் பார்த்து, "லைன்ல ஒண்ணும் கோளாறு இல்லையேம்மா. யாரோ சுவிட்சை அணைச்சிருக்காங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். போன பிறகும் கரண்டுக்குக் கவலைப்படுகிற மனுஷனை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. ஆனால் துண்டு விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. கொடியில் ஆள் இருக்கிற மாதிரி காட்டப் போட்ட துண்டு ஒருநாள் ஈரமாக இருந்தது. துவைக்கிறவளுக்குத் தெரியும், துண்டு மழையில் நனைந்ததா, ஒரு உடம்பைத் துவட்டியதா என்று. நடுவில் கசங்கி, இரண்டு முனையும் முறுக்கேறி இருந்தது. முகர்ந்தேன். பாசி வாடை. அதை வாளியில் போட்டு இரண்டு தடவை வெந்நீரில் அலசினேன். அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பிறகுதான் கவனித்தேன், அவள் நாலாவது வீட்டின் படுக்கையை வாராவாரம் மாற்ற ஆரம்பித்திருந்தாள். புது சோப்பு வைத்தாள். சீசன் வந்தது, ஆள்கள் கேட்டுக் கேட்டுப் போனார்கள், அந்த வீட்டை மட்டும் யாருக்கும் விடவில்லை. போனில் "நாலாவதுல ஆள் இருக்காங்க" என்றுதான் சொன்னாள், எப்போதும் சொல்வதுதான். ஆனால் குரலில் தேன் இல்லை. எரிந்து விழுகிற குரலில் சொன்னாள். அதைக் கேட்ட நாளில்தான் எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது.

"இப்படியே எவ்வளவு நாளைக்குக்கா?" என்றேன்.

"அவர் பாட்டுக்கு இருக்காரு. உனக்கு என்ன தொந்தரவு? துண்டு கூட ஒண்ணுதானே விழுது."

அப்படியே போயிருக்கும், பாப்பாவின் போன் வராமல் இருந்திருந்தால். பாப்பா அக்காவின் ஒரே பெண். வளர்ந்து, பெரிய ஊரில் ஒரு ஓட்டல் வரவேற்பு மேஜையில் நின்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பல்லைக் காட்டுகிற வேலை பார்த்தாள். ஆனாலும் எங்களுக்கு இன்னும் பாப்பாதான். அப்பா போனபிறகு அம்மாவைத் தனியாக விட்டது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அக்காவுக்கோ அவள் வந்துவிடமாட்டாளா என்று இருந்தது. கேட்க ரோஷம். அன்றைக்கு அவளே கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் அக்கா.

"அம்மா, வேலையை விட்டுட்டு வந்துடலாம்னு இருக்கேன். நம்ம தொழிலையே சேர்ந்து பார்ப்போம். ஆனா ஒரே வீட்டுல வேண்டாம். மூணாவது நாளே நீயும் நானும் அடிச்சுக்குவோம். எனக்கு நாலாவது வீட்டைக் கொடுத்துடு."

அக்காவின் வாய் பழக்கத்தில் ஓடியது. "அதுல ஆள் இருக்காங்கடி."

"சரி, எப்பக் காலி பண்ணுவாங்க?"

"தெரியலை."

"தெரியலையா? யாரும்மா அவங்க? எவ்வளவு நாளா இருக்காங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"ரொம்ப நாளா" என்றாள்.

பாப்பா, "பெத்த பொண்ணுக்கு இல்லாத இடம் எவனோ ஒருத்தனுக்கு இருக்கு. நல்லா இரும்மா. கப்பல்ல ஒரு வேலை வந்திருக்கு, வேண்டாம்னு தள்ளிட்டே இருந்தேன். இந்த வாரம் பதில் சொல்லணும். இனிமே சரின்னு சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "உனக்குப் புருஷன் வேணுமா, பொண்ணு வேணுமா, முடிவு பண்ணிக்கோ. போனவரைப் பிடிச்சு வச்சுக்கிட்டு இருக்கிறவளைத் துரத்துறியே, நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்று கத்தினேன். அக்கா முந்தானையால் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், சுத்தமாக இருந்த மேஜையை. கடைசியில், "நாளைக்குக் காலி பண்ணச் சொல்றேன்" என்றாள்.

ஆள்கள் கிளம்பும் நாளில் அக்கா செய்கிற முறை ஒன்று உண்டு. கதவைத் தட்டுவாள். சார்ஜர், கண்ணாடி, மாத்திரை எடுத்தாச்சா என்று கேட்பாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். சாவியை வாங்கிக்கொண்டு, படியில் நின்று, முகம் நிறையச் சிரித்து, "போயிட்டு வாங்க" என்பாள். அதில் மட்டும் பொய் கிடையாது. அதற்காகவே திரும்ப வந்தவர்கள் இருக்கிறார்கள்.

காலையில் சரிவில் இறங்கும்போது நான் படித்துப் படித்துச் சொன்னேன். "மறந்தும் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லிடாதக்கா. 'போங்க'ன்னு சொல்லு. வெறும் 'போங்க'."

"கட்டின புருஷனைப் பார்த்துப் 'போங்க'ன்னு எப்படிடி சொல்றது?"

"பொண்ணை நினைச்சுக்கோ. வந்துடும்."

அவள் கதவைத் தட்டினாள். சாவி அவள் கையில்தான் இருந்தது, ஆனாலும் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். உள்ளே குளியலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. திறந்து உள்ளே போய், கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"என்னங்க, பாப்பா வர்றேங்கிறா. அவளுக்கு இடம் வேணும். இவ்வளவு நாள் நீங்க இருந்தது எனக்குத் துணையாத்தான் இருந்துச்சு. இல்லேங்கலை. ஆனா வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துடுங்க."

குழாய் சொட்டுவது நின்றது. நான் கொண்டுபோன துணிக்கூடையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அக்கா விரிப்பை உருவி என் கூடையில் போட்டாள். சோப்பை எடுத்தாள். அது பாதியாகக் கரைந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கண்ணாடி இருக்கிறதா என்று அலமாரியையும் பார்த்தாள், அந்த மனுஷன் கண்ணாடியே போட்டதில்லை. எல்லாம் முடித்து வெளியே வந்து படியில் நின்றாள். ஏரிப் பக்கம் திரும்பினாள். உதடு துடித்தது. நான் மனதுக்குள் "போங்க, போங்க" என்று எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"போயிட்டு வாங்க" என்றாள் அக்கா.

சொன்ன மறுகணமே வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். எத்தனை வருஷப் பழக்கம், நாக்கு தன் வழிக்குப் போய்விட்டது. இனி என்ன செய்ய? செருப்பையாவது ஒழிப்போம் என்று பையில் போட்டுக் கொண்டுபோய்க் குப்பை வண்டியில் எறிந்தேன். வண்டி வளைவு திரும்புகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அன்றே அக்கா பாப்பாவைக் கூப்பிட்டு, "காலி ஆயிடுச்சு, வா" என்றாள். பாப்பா கப்பலை மறந்துவிட்டு வந்து சேர்ந்தாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. கேட்டுக்கு வர்ணம் அடித்தாள், திரைச்சீலைகளை மாற்றினாள், வீடுகளைப் படம் பிடித்துப் போட்டாள். ஆள் வைக்கத் தேவையே இல்லாமல் ஆள்கள் வந்தார்கள். அக்காவும் அவளும் சண்டை போட்டு, சிரித்து, ஒரே தட்டில் ரொட்டியும் முட்டையும் பிய்த்துத் தின்றார்கள். அக்காவின் முட்டிவலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் தினம் காலையில் துடைப்பத்தை எடுத்ததும் அவள் முதலில் போவது நாலாவது வீட்டுப் படிக்குத்தான். அங்கே பாப்பாவின் செருப்பு மட்டும் ஏனோதானோவென்று கிடக்கும். அதைப் பார்த்ததும் அக்காவின் முகத்தில் வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மற்ற மூன்று வீடும் நிரம்பியிருந்த ஒரு சாயங்காலம் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் சும்மா இரைந்தது. அந்த இரைச்சல் அக்காவுக்குத் தெரியும். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

"பாசியா இருக்கும்மா. நான் இறங்கி எடுத்துடறேன். அப்பா பண்றதைப் பார்த்திருக்கேன்" என்று பாப்பா செருப்பைக் கழட்டினாள்.

அக்கா போட்ட கூச்சலில் மூன்று வீட்டில் இருந்தவர்களும் வெளியே வந்துவிட்டார்கள். பிளம்பரைக் கூப்பிட்டோம், காலையில்தான் வரமுடியும் என்றார். பாப்பா அப்பனைப் போலவே பிடிவாதக்காரி. "அவர் வரலைன்னா விடிஞ்சதும் நான் இறங்கத்தான் போறேன். தண்ணியில்லாம ஆளுங்களை வச்சுக்க முடியாது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விடிந்து நான் துணிக்கூடையோடு வந்தபோது மேல்தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பிளம்பர் கரையில் நின்று தலையைச் சொறிந்தார். "ஏற்கெனவே யாரோ அள்ளிப் போட்டிருக்காங்களேம்மா. என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" கரையில் பாசி ஒரு குவியலாகக் கிடந்தது. அங்கிருந்து சரிவில் ஈரக் கால் தடங்கள். வெறும் கால். மழை பெய்யவில்லை, தரை காய்ந்துதான் இருந்தது. தடம் நேராக நாலாவது வீட்டுக்கு ஏறியது. மேல்படியில் இரண்டு பாதம் பக்கத்தில் பக்கத்தில், விரல்கள் வெளியே பார்த்து. உள்ளே போகவில்லை. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

அக்கா துடைப்பத்தோடு அந்தப் படியருகே நின்றிருந்தாள். அழவில்லை.

"செருப்புகூட இல்லாம வந்திருக்காருடி" என்றாள். "பாவம், கல்லும் முள்ளுமா கிடக்கு."

அக்கா என் கையைப் பிடித்தாள். "பாப்பாகிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா பயந்து கிளம்பிடுவா. ஒண்ணு பண்ணு, உன் வீட்டுக்காரரோட பழைய செருப்பு ஏதாவது இருந்தா எடுத்துட்டு வா. ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே."

"நல்லாக் கேட்ட போ! உயிரோட இருக்கிற மனுஷன் செருப்பையா?" என்று கையை உதறினேன். எதையும் நம்பாதவள்தான் நான். அதற்காக?

கடைத்தெருவுக்குப் போய்ப் புதிதாகவே ஒரு ஜோடி வாங்கினேன். கடைக்காரர், "யாருக்கும்மா?" என்றார். மாமாவுக்கு என்றேன். "பத்தலைன்னா அவரையே கூட்டிட்டு வாங்க, மாத்தித் தர்றேன்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

பையோடு சரிவில் இறங்கினால், நாலாவது வீட்டுப் படியில் ஏற்கெனவே ஒரு புது ஜோடி இருந்தது. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. ஜோடியாக, வெளியே பார்த்து. அக்கா அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா கதவுக்குள் நின்றிருந்தாள்.

"நான்தான் வாங்கினேன் சித்தி. நான் வந்ததுல இருந்தே இருக்காரு. விடியறப்போ ஜன்னல் வழியா முதுகு தெரியும். தடம் அம்மா வர்றதுக்குள்ள காய்ஞ்சிடும். அம்மா பயந்துடும்னு சொல்லலை."

"நீ... நீ பயப்படலையா? போயிட மாட்டியே?" அக்காவின் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"எங்கப்பாதானேம்மா" என்றாள் பாப்பா. பிறகு செருப்பைப் பார்த்து முகம் சுளித்தாள். "ஆனா நான் கதவைப் பார்த்துத்தானே வச்சேன்?"

அவள் கையிலிருந்த போன் அடித்தது. எடுத்தாள். ஓட்டல் வேலையில் பேசுவது போல அழகாகப் பேசினாள். "வணக்கம் சார். மூணு வீடும் ஃபுல். நாலாவதா? இல்ல சார், அதுல ஆள் இருக்காங்க. ரெண்டு பேர்."

அக்கா படியில் உட்கார்ந்து, எத்தனையோ நாளாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். புதுச் செருப்பின்மேல் படாமல் காலை ஒதுக்கி உட்கார்ந்திருந்தாள்.

நான் வாங்கிய ஜோடி இன்னும் பையோடு என் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்குச் சரியான அளவு. எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் இதுவரை சொல்லவில்லை.